அழிக்கப்படாத முதற்பதிவு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தலுக்கு 919இல் விதிகள் வகுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 921இல், அவை திருத்தி விரிக்கப்பட்டன. முந்தையதை எவரும் செதுக்கி நீக்கவில்லை. விதி எவ்வாறு மாறியது என்பது இன்று தெரிவது அதனால்தான்.

பேருந்துகளின் விவரங்களைப் பேணும் மென்பொருளுக்கும் இவ்வொழுங்கு வேண்டும். ஆலையிலிருந்து பல பேருந்துகள் பொறி பொருத்திய அடிச்சட்டமாகவே வருகின்றன. கரூர் போன்ற ஊர்களில் கூண்டு கட்டிய பின்னரே வெற்று எடையும் இருக்கைகளின் எண்ணிக்கையும் உறுதியாகும். இந்த இடைக்காலத்திற்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தற்காலிகப் பதிவுக்கு இடமளிக்கிறது.

அதுவரை மென்பொருளில் இடப்படும் எடை வெறும் மதிப்பீடே. ‘தற்காலிகம்’ என்னும் குறிப்பும் நாளும் அதனருகே இல்லையெனில், அடுத்துப் பார்ப்பவர் அதனை அளந்த எடையாகவே கொள்வார். மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தே ஏற்றத்தக்க சுமை கணக்கிடப்படும். மதிப்பீடு குறைவாக இருந்தால் வண்டி மிகைச்சுமையுடன் ஓடும். பிரேக் பிடித்தபின் அது நிற்பதற்கு எடுக்கும் தொலைவும் கூடும்.

எடைமேடையில் அறிந்த எடையைப் புதிய பதிவாகச் சேர்த்தல் வேண்டும், பழையதன்மேல் எழுதலாகாது. அடிச்சட்ட எண் மட்டும் தொடக்கத்திலேயே உறுதியானது. இரு பதிவுகளும் ஒரே வண்டிக்குரியவை என்று காட்டுவது அவ்வெண்ணே.