வண்டியை உயர்த்தினால் கல் தாழுமா?

பழைய ஜிப்ஸிக்கு ‘லிஃப்ட்’ போடும் முன் மலைத்தோட்ட விவசாயிகள் பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து காபிப் பழம் பறிக்கப் போகும்போதுதான் மலைத்தோட்டப் பாதைகளின் உண்மையான நிலை தெரியவரும். தண்ணீர் ஓடி இரண்டு பக்கமும் சக்கரத் தடம் பள்ளமாகியிருக்கும். நடுவில் மண்மேடும், மழையில் துருத்திக்கொண்ட கல்லும் நிற்கும். காலி வண்டி எப்படியோ தாண்டிவிடும். நாலு மூட்டை ஏற்றினால் அடிவயிறு இடிக்கும்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பகுதியில் காபியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயிக்கும் இதே பிரச்னைதான். அவரிடம் இருப்பது 2002-ம் ஆண்டு மாடல் ஜிப்ஸி கிங். பழையது வாங்கி, பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார். பாதையில் ஒரு கல்லில் வண்டி தவறாமல் இடிக்கவே, தெரிந்தவர் சொன்னார் என்று நாலு சக்கரத்துக்கும் 3 அங்குலம் நீளமான சாக்கிள் மாட்டினார். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்கக் கம்பீரமாகவும் இருந்தது. மறுநாள் மூட்டையோடு இறங்கினார். அதே கல், அதே இடத்தில், அதே சத்தத்தோடு இடித்தது.

அது போதாதென்று மலைச்சாலை வளைவுகளில் ஸ்டீயரிங் அலைய ஆரம்பித்தது. வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினார்.

“அண்ணே, முன்னாடி பிரேக் ஹோஸைப் பாருங்க. சக்கரம் பள்ளத்துல இறங்குனா இது வில்லு நாண் மாதிரி இழுக்குது. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா அறுந்திருக்கும்” என்றார் மெக்கானிக்.

“இதை யாருமே சொல்லலையே தம்பி!”

குடும்பத்தோடு மலை இறங்குகிற வண்டி. நல்லவேளையாக, ஹோஸ் அறுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

எது உயரும், எது உயராது?

அந்தக் கல் ஏன் மறுபடியும் இடித்தது? ஜிப்ஸியில் முன்னும் பின்னும் முழு அச்சு. அதன் நடுவில் குடம்போல் புடைத்திருப்பது டிஃபரன்ஷியல் ஹவுசிங். வண்டியின் மிகத் தாழ்வான பகுதி அதுதான். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. தரை இடைவெளி தரைக்கும் வண்டியின் தாழ்வான பகுதிக்கும் உள்ள தூரம். அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. பிளேட் ஸ்பிரிங்கையோ சாக்கிளையோ மாற்றினால் அச்சுக்கு மேலே இருக்கும் சேஸிஸும் பாடியும்தான் உயரும். அச்சு ஒரு நூல்கூட உயராது.

அதனால் லிஃப்ட் வீண் என்று அர்த்தமில்லை. டிரான்ஸ்பர் கேஸ், பெட்ரோல் டேங்க், சைலன்ஸர், முன் பம்பர் ஆகியவை சேஸிஸோடு சேர்ந்தவை. இவை இடித்தால் லிஃப்ட் உதவும். டிஃபரன்ஷியல் ஹவுசிங் இடித்தால் உதவாது. எனவே முதல் வேலை, வண்டிக்கு அடியில் படுத்து, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது. இதற்குச் செலவில்லை.

அச்சை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் சுமார் 703 மி.மீ. விட்டத்தில் கூடும் 35 மி.மீ.யில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும், அதாவது 18 மி.மீ.க்குள். ஸ்பீடோமீட்டரும் 5 சதவிகிதம் குறைத்துக் காட்டும். முள் 60-ல் நிற்கும்போது வண்டி 63-ல் போகும். நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயரோடு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்பர் கேஸும் பல்சக்கரங்களும் கெடும்.

உயர்த்தும் முன் அளந்து பாருங்கள்

இருபது வருடம் சுமை தாங்கிய பிளேட்டுகள் வளைவு இழந்து படுத்திருக்கும். பல வண்டிகளுக்குத் தேவை லிஃப்ட் அல்ல, இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதுதான்.

சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து நாலு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். இடது, வலது இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் படுத்திருக்கலாம். பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம்தான் முதலில் இறங்கும். பிறகு வழக்கமாக ஏற்றும் மூட்டைகளை ஏற்றி மறுபடி அளக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல நிலையில் உள்ள அதே மாடல் வண்டியை அளக்கலாம். ஸ்பிரிங் கடையில் புதுக் கட்டை உங்கள் பழைய கட்டின் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். வளைவில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விரிசல் விட்ட பிளேட், அறுந்த சென்டர் போல்ட், நசுங்கிய ரப்பர் புஷ், துருவேறி இற்றுப்போன சேஸிஸ் ஆகியவற்றையும் இப்போதே தேட வேண்டும். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸ் இற்றிருந்தால் வெல்டிங் முடியும்வரை வேறு எந்த வேலையும் வேண்டாம்.

நாலு வழிகள்

புதுக் கட்டு: கம்பெனி அளவிலேயே புதிய பிளேட் கட்டும் புதிய புஷ்ஷும் போடுவது. நிம்மதியான வழி இதுதான். படுத்த வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். சட்டச் சிக்கலும் இல்லை.

பழைய பிளேட்டுக்கு வளைவு ஏற்றுவது: செலவு குறைவு. ஆனால் பிளேட்டைக் காய்ச்சி அடித்துவிட்டு முறையாகப் பதம் ஏற்றாமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும், அல்லது உடையும். பதம் போடத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுக்கலாம்.

கூடுதல் பிளேட்: கட்டில் ஒரு பிளேட் சேர்ப்பது. எப்போதும் மூட்டை ஏற்றும் வண்டிக்குப் பின்பக்கம் இது உதவும். காலியாக ஓடும்போது தூக்கிப் போடும்.

நீள சாக்கிள்: ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் பட்டைதான் சாக்கிள். ஒரு முனை மட்டும் இறங்குவதால், கூட்டும் நீளத்தில் பாதிதான் வண்டி உயரும். 3 அங்குலம் நீட்டினால் கிடைப்பது ஒன்றரை அங்குலம். ஜிப்ஸியில் முன் சாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டும்போது அச்சும் முன்பக்கமாகச் சற்றுச் சுழலும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்புவதற்கு உதவும் ‘காஸ்டர்’ சாய்வு இதனால் குறைகிறது. தாண்டிக்குடி வண்டியில் ஸ்டீயரிங் அலைந்ததன் காரணம் இதுதான். நீள சாக்கிள் போட்டே ஆக வேண்டுமென்றால், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும்.

லாரிகளுக்குச் செய்வதுபோல அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜிப்ஸியில் அச்சு ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் வண்டி உயராது, இறங்கும். ஸ்பிரிங்கையே அச்சுக்கு மேலே மாற்றி 5 அங்குலம் வரை தூக்குவதும் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் கம்பி, பிராப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். தினமும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகும் வண்டிக்கு அது வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் போதும். உயரம் கூடக்கூட வண்டியின் பாரமும் மேலே போகும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள வண்டி, சரிவில் பக்கவாட்டில் சாயும்போது கவிழும் ஆபத்து அதிகம். மேல் கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம்.

பட்டறையில் கூடவே நில்லுங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அண்டைக்கல், அச்சுக்குத் தனியாக ஒரு ஜாக்கி என மூன்றும் வேண்டும். கழற்றிய அச்சைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது.

யு போல்ட்டுகள் இறுக்கும்போது இழுபட்டு நீள்பவை. பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள். ஸ்பிரிங் கண் போல்ட்டையும் சாக்கிள் போல்ட்டையும் வண்டி தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. அச்சைக் கீழே முழுதாகத் தொங்கவிட்டு, முன்சக்கரங்களை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸில் தளர்வு இருக்க வேண்டும். இழுத்தால் நீளமான ஹோஸ் மாற்றி, பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். ஷாக் அப்சர்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றாலும் நீளமானது தேவை. பின் பிரேக்குக்கு எடையை உணரும் வால்வு உள்ள வண்டியென்றால் அதன் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஓட்டும்போது பிராப்பெல்லர் ஷாஃப்ட்டில் புதிய நடுக்கம் தெரிந்தால் கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் அதிகமாகிவிட்டது என்று பொருள். எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குவதைத் தவறவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 15 வருடம் கடந்த சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே கம்பெனி அளவைத் தாண்டி எதைச் செய்வதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். படுத்த ஸ்பிரிங்குக்குப் பதில் அதே அளவில் புதியது போடுவது பழுது பார்ப்பதுதான், மாற்றம் ஆகாது.

மண்வெட்டிக்கும் வேலை உண்டு

தாண்டிக்குடி விவசாயி கடைசியில் செய்தது இதுதான். நீள சாக்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய அளவு சாக்கிளையே போட்டார். முன்னும் பின்னும் புதிய பிளேட் கட்டு, புதிய புஷ், புதிய யு போல்ட் மாட்டினார். அளந்து பார்த்தபோது, மூட்டை ஏற்றிய நிலையில் பின்பக்கம் முன்பைவிட ஒன்றேகால் அங்குலம் உயர்ந்திருந்தது. டிரான்ஸ்பர் கேஸும் சைலன்ஸரும் தரையில் உரசுவது நின்றது. ஸ்டீயரிங்கும் பழையபடி நேராக வந்தது.

அந்தக் கல்? கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் சேர்ந்து ஒரே காலையில் பெயர்த்துவிட்டார்கள். நடுமேட்டை வெட்டிச் சக்கரப் பள்ளத்தில் போட்டு, சரளையும் சேர்த்து இடித்தார்கள். தண்ணீர் தடத்திலேயே ஓடி மறுபடி பள்ளம் பறிக்காமலிருக்க, பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சிறு வரப்புகள் போட்டு மழைநீரைப் பக்கத்துச் சரிவில் புல் நிறைந்த இடத்துக்குத் திருப்பினார்கள். நடவுக்குழி எடுக்கத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த வரப்புகளை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

வண்டியில் அரை அங்குலம் ஏற்றுவதைவிடப் பாதையில் அரை அடி மேட்டைக் குறைப்பது பல நேரம் சுலபம். முதலில் இடிக்கும் இடத்தைப் பாருங்கள். அடுத்து டேப் எடுத்து அளங்கள். அதற்குப் பிறகும் உயரம் தேவைப்பட்டால் பட்டறைக்குப் போகலாம்.