மோரிஸ் மைனருக்கு மாற்று எஞ்சின்: திட்டமிடலின் வரிசை

பழைய காரின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறொரு வாகனத்தின் எஞ்சினைப் பொருத்தும் வேலை, விசையைக் கூட்டும் வேலையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது, பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஓர் அமைப்பின் சமநிலையைக் கலைத்து மீண்டும் நிறுவும் வேலையாகும். மலேசியாவின் பேரா மாநிலச் சாலைகளில் இதை விளக்குவதற்கு மோரிஸ் மைனரைவிடப் பொருத்தமான கார் வேறில்லை. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரை 16 இலட்சம் அளவில் தயாரிக்கப்பட்ட இக்கார், மலாயாவில் ஆசிரியர், தோட்டக் கிராணி, டிரெஸ்ஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டிய வாகனமாக இருந்தது. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்த பின்னரும், அக்குடும்பங்களின் நினைவோடு ஒட்டிக்கொண்ட வண்டி அது.

மாற்று எஞ்சினுக்கான தேவை கற்பனையானதன்று. 1956இல் வந்த 948 சிசி எஞ்சின் 37 குதிரைத்திறனும், 1962இல் வந்த 1098 சிசி எஞ்சின் 48 குதிரைத்திறனும் தந்தன. செம்மண் தோட்டச் சாலைக்கு இவை போதுமானவை. ஆனால் பெரும்பகுதியில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டில், அவை திணறுகின்றன. மேலும், ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வார்க்கப்பட்ட பழைய வால்வு இருக்கைகள், ஈயமற்ற இன்றைய பெட்ரோலில் விரைவாகத் தேய்கின்றன.

எந்த எஞ்சினைத் தேர்வது என்பதில் காரின் வடிவமைப்பே வழிகாட்டுகிறது. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உருளைகள் இருபுறமும் படுத்திருக்கும் அகலமான எஞ்சினையே முதலில் எண்ணியிருந்தார். அது கைவிடப்பட்டாலும், அதற்கென ஒதுக்கிய அகலம் முன்புறத்தில் நிலைத்துவிட்டதால், பிற எஞ்சின்கள் நுழைய இடம் கிடைக்கிறது. எனினும் மைனரின் எஞ்சின் நெடுவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றுவது. ஆகையால் முன்சக்கர இயக்கத்துக்கெனக் குறுக்குவாக்கில் அமைந்த புரோட்டோன் சாகா, பெரோடுவா கஞ்சில் ஆகியவற்றின் எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தாலும் நேரடியாகப் பொருந்துவதில்லை. டட்சன் 120ஒய் காரின் 1171 சிசி எஞ்சினும் டொயோட்டா கொரோலாவின் 1290 சிசி 4கே எஞ்சினும் பின்சக்கர இயக்கத்துக்கே உரியவை என்பதால், அவற்றை அவற்றின் கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்குவது எளிய வழியாகிறது. ஜப்பானில் கழித்துவிடப்பட்ட காரின் முன்பாதியை அப்படியே அறுத்து இறக்குமதி செய்யும் 'ஹாஃப்கட்' வணிகம் மலேசியாவில் வேரூன்றியிருப்பதால், இவற்றைவிடப் புதிய எஞ்சின்களும் கிடைக்கின்றன.

சிக்கல் எஞ்சின் உட்கார்ந்த பிறகே தொடங்குகிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைக் காட்டிலும் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதற்கு, பிரேக்குகள் ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். மைனரின் சிறிய டிரம் பிரேக்குகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைப்பதை எஞ்சின் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். கியர்பாக்ஸ் மாறும்போது, அதைப் பின் அச்சோடு இணைக்கும் நீள்தண்டை வெட்டி, பற்றவைத்து, அதிராமல் சுழலும்படி சமன்செய்ய வேண்டும். பழைய மைனரில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய எஞ்சின்களில் எதிர்முனை இணைவதால், மின்கம்பிகளையும் புதிதாக இழுப்பதே பாதுகாப்பு.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது துரு ஆய்வு. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலே சுமை தாங்குகிறது. மழையும் ஈரமும் ஓயாத பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில், கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடுகளும், பின்புற வில்பட்டைகள் பிணைந்திருக்கும் இடங்களும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. அரித்த உடலில் விசைமிக்க எஞ்சினைப் பொருத்துவது, கரையான் தின்ற உத்திரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்கு ஒப்பாகும்.

துருவை அடுத்து நிற்பது ஆவணம். பேச்சுவழக்கில் 'கிராண்ட்' எனப்படும் பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் குறிக்கப்பட்டிருப்பதால், மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவைப்படுகின்றன. விற்பனை ரசீதும் சுங்கப் படிவமும் இல்லாத எஞ்சின், மலிவாகக் கிடைத்தாலும் சட்டத்தின் முன் வெறும் இரும்பே. தீபகற்ப மலேசியாவில் சாலை வரியும் கொள்ளளவைப் பொறுத்தது: 1001 முதல் 1200 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 55 வெள்ளி என்பதால், 1098 சிசி மைனரில் 1171 சிசி டட்சன் எஞ்சின் ஏறினாலும் வரி மாறாது.

தோற்ற மாற்றம் இறுதியில் வருவது. நிறமும் பதிவில் உள்ளதாகையால் அதனை மாற்றுவோர் இலாகாவிடம் தெரிவிக்க வேண்டும். அகலச் சக்கரங்களுக்காகச் சக்கர வளைவை வெட்டுதல், விளக்குகளை இடம் மாற்றுதல் போன்றவை, அக்காரை அடையாளம் காட்டும் உருண்டை வடிவத்தையே சிதைக்கின்றன. திருகாணியால் பொருத்தியதைக் கழற்றிவிடலாம். அறுத்த தகட்டைப் பழையபடி ஆக்க முடியாது. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள், இறக்கிய எஞ்சினுக்கு எண்ணெய் பூசிச் சுற்றி, எண் தெரியும்படி சீட்டு கட்டிப் பத்திரப்படுத்துகிறார்கள். வண்டியை அடுத்துப் பெறப்போகும் தலைமுறை வேறுவிதமாக முடிவு செய்ய விரும்பினால், அதற்கான வழி அப்போதும் திறந்திருக்கும்.