செங்கல் மேல் ஓர் அரண்மனை

லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் நிற்கும் கம்பர்லேண்ட் டெரஸைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ ராஜாவின் அரண்மனை என்றே நினைப்பார்கள். வரிசை கட்டிய அயோனியத் தூண்கள், உச்சியில் பெரிய முக்கோண முகப்பு, அதில் நீலப் பின்னணியில் வெள்ளைச் சிற்பங்கள். ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வீடுகள்தான், கட்டியபோது 31.

கல்லும் இல்லை!

ஜான் நாஷ் வடிவமைத்து 1826 வாக்கில் எழுந்த கட்டடம் இது. நிலம் அரசுடையது, பணம் போட்டுக் கட்டிய வில்லியம் நர்ஸ், வீடுகளைக் குத்தகைக்கு விட்டுத்தான் அதை மீட்க வேண்டும். இந்தக் கணக்கில் கல்லுக்கு இடமேது? செங்கல் சுவர் எழுப்பி, மேலே சாந்து பூசினார்கள். சென்னை ராஜாஜி மண்டபத்திலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கிரேக்கக் கோயில் வேடம் போட்டிருக்கின்றன.

ஆனால் லண்டன் மழைக்கு வெறும் சுண்ணாம்பு தாங்காது. 1796இல் ஜேம்ஸ் பார்க்கர் காப்புரிமை பெற்ற 'ரோமன் சிமென்ட்' அந்தக் காலக் கொத்தனார்களுக்குக் கைகொடுத்தது. களிமண் கலந்த சுண்ணாம்புக் கட்டிகளைச் சுட்டு அரைத்த பொடி அது. தண்ணீர் பட்டால் நிமிடங்களில் இறுகிவிடும். நிறம் மட்டும் பழுப்பு. அதனால் பூச்சில் கல் இணைப்புகள்போல் கோடு கீறி, பாத் நகரத்துக் கல்லின் நிறத்தைத் தீட்டினார்கள். கிட்டப் போனால்தான் குட்டு வெளிப்படும்.

உள்ளே எல்லாம் வழக்கமான லண்டன் வீடுதான்: அகலம் குறைவு, ஆழம் அதிகம், இரு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர், தரைக்குக் கீழே சமையலறை. நடு முகப்பு மட்டும் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை. பல வீடுகள் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. நாஷின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் தன் பங்குச் சுவருக்கு மட்டும் பச்சை அடித்தால் அரண்மனை அந்த நிமிடமே கலைந்துவிடும். அதனால்தான் எல்லோரும் ஒரே நிறத்தில், குறித்த கால இடைவெளியில் வண்ணம் அடித்தாக வேண்டும் என்று குத்தகைப் பத்திரமே கட்டாயப்படுத்துகிறது.

இரண்டாம் உலகப் போரின் குண்டுகளும் பராமரிப்பின்மையும் பூங்காவைச் சுற்றியிருந்த இத்தகைய வரிசைகளைச் சிதைத்தன. இடிப்பதா, காப்பதா என்று ஆராய 1946இல் குழு அமைத்தார்கள். காக்கலாம் என்றது குழு. இன்று கம்பர்லேண்ட் டெரஸ் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது.

லண்டன் போகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், இந்த வரிசைகளின் பின்புறத்தையும் எட்டிப் பாருங்கள். பூச்சுச் செலவை எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்பது தெரியும்.