பிரீமியத்தில் எதைக் குறைக்கலாம்?

டீசல், ஐஸ், வலை, ஆள்கூலி என்று எல்லாம் கொடுத்த பிறகு, விசைப்படகு உரிமையாளரின் கண்ணை உறுத்துவது காப்பீட்டு பிரீமியம்தான். அதனால் சிக்கனம் என்றதும் பலரும் கைவைப்பது படகின் மதிப்பில். அறுபது லட்சம் பெறும் படகை முப்பது லட்சத்துக்குக் காப்பீடு செய்தால் பிரீமியம் ஏறக்குறைய பாதியாகும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால், மதிப்பைக் குறைத்துக் காப்பீடு செய்தால் விடுபட்ட பங்குக்கு உரிமையாளரே காப்பீட்டாளர் என்கிறது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 81-வது பிரிவில். பத்து லட்ச ரூபாய் சேதத்துக்கு ஐந்து லட்சம்தான் வரும். இரு தரப்பும் மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதிய பாலிசியானால் இந்தக் கணக்கு மாறலாம். ஆனாலும் படகு மூழ்கிப்போனால் முப்பதுக்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது.

குறைக்க வேண்டியது மதிப்பை அல்ல, ஆபத்தை. அதற்கான வழி நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கப்பல் காப்பீட்டில் உலகெங்கும் புழங்கும் 1983-ஆம் ஆண்டு லண்டன் விதிகளில், காப்பீட்டாளர் ஏற்ற துறைமுகத்தில் கப்பல் தொடர்ந்து 30 நாள் சும்மா நின்றால், ஒவ்வொரு முப்பது நாளுக்கும் பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பித்தர இடமுண்டு. நம் தடைக்காலத்தில் அப்படி இரண்டு முப்பது அடங்குகிறது! பழுதுபார்ப்பில் இருக்கும் நாளுக்கும் வெறுமனே நிற்கும் நாளுக்கும் அதே விதிகள் வெவ்வேறு வீதம் வைக்கின்றன. வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் தீயாபத்து அதிகம் என்பது தெரிந்ததே. மீன்பிடிப் படகு பாலிசியில் இந்தச் சலுகை தானாக வந்துவிடாது. எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டும். ஒருவராகக் கேட்பதைவிட, கூட்டுறவுச் சங்கம் பல படகுகளுக்குச் சேர்த்துக் கேட்டால் பேரம் படியும்.

அப்படியானால் பத்து மாதத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தால் போதாதா? போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், கரையில் கட்டிக் கிடந்த படகுகளைத்தான் நொறுக்கியது. துறைமுகத்தில் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. சின்னச் சேதங்களைத் தானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் தொகையைச் சற்று அதிகமாக ஏற்பது இதைவிட நேர்மையான சிக்கனம். ப்ரொப்பெல்லர் கீறலுக்கெல்லாம் சர்வேயரை அழைக்கிறவருக்கு இது கசக்கும்.

அரசு நிவாரணம்தான் இருக்கிறதே என்பார்கள். நிவாரணம் பேரிடருக்கு வருவது. இயந்திர அறையில் பிடித்த தீக்கு வராது. கிளெய்மைத் தட்டிக்கழிப்பார்கள் என்ற புகாரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் கடலுக்குத் தகுதியற்ற படகென்று தெரிந்தே அனுப்பினால், அந்தக் குறையால் நேரும் இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்று கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. எனவே தடைக்காலத்தில் மாற்றிய பலகைக்கும் இயந்திரப் பாகத்துக்கும் ரசீது, கரையேற்றியபோது எடுத்த புகைப்படம், காலாவதியாகாத பதிவும் உரிமமும் ஒரே கோப்பில் இருந்தால், சர்வேயர் முன் வாதாட வேண்டிய விஷயங்களில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.