கார் கதவுக்குள் விழுந்த நட்

கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பத்தாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் நட் ஒன்று விரலிலிருந்து நழுவிக் கதவுக்குள் விழுந்தது. தகரத்தில் இரண்டு முறை தட்டிய சத்தம், அதோடு சரி. பக்கத்துப் பட்டறைக்காரர் கம்பி முனையில் பொருத்திய காந்தத்தைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். அது போகும் வழியிலேயே கதவுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் எதிர்ச்சுவரில் ஒட்டியது. நட்டும் இரும்பு, கதவும் இரும்பு. காந்தம் எதைத் தேடும்?

இப்படிப் பொருள் விழுந்து மறைவதற்குக் காரின் உடலமைப்பே காரணம். லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஆயிரக்கணக்கான இடங்களில் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிகளாக்குகிறார்கள். அந்தப் பெட்டிகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவும், 1934இல் பிரான்ஸின் சித்ரோயன் டிராக்‌ஷன் அவானும் தொடங்கிவைத்த வழி இது. காகிதத்தைச் சுருட்டி நிறுத்தினால் அதன் தலையில் ஒரு புத்தகமே நிற்கிறதல்லவா, அதே தத்துவம்தான்.

அந்தப் பெட்டிகளில் வேண்டுமென்றே துளைகள் விட்டிருப்பார்கள். துரு பிடிக்காமலிருக்கக் காரின் கூட்டை அப்படியே மின்சாரம் பாயும் பெயின்ட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பெயின்ட் உள்ளே புகவும் வடியவும் வழி வேண்டும். பிறகு பல துளைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிடுவார்கள். கதவின் அடி விளிம்பில் உள்ளவை மட்டும் திறந்தே இருக்கும். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே, முதலில் தேட வேண்டியது நட்டை அல்ல, அருகிலுள்ள துளையை.

காந்தம் சுவரில் ஒட்டுவதற்கும் மருந்து உண்டு. காந்த ஈர்ப்பு, இடைவெளி கூடக்கூட மளமளவென்று குறையும். காந்தத்தின் பக்கங்களில் தடித்த பிளாஸ்டிக் குழாயைப் போர்த்தி முனையை மட்டும் விட்டுவைத்தால், சுவரின் பிடி தளர்ந்துவிடும். எங்கள் பட்டறைக்காரர் பழைய பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகினார். காந்தம் தடையின்றிக் கீழே இறங்கியது.

வெளியிலிருந்தே நட்டை நகர்த்த முடியாதா? முடியும் என்பதுதான் எனக்கு வியப்பு. எஃகுத் தகடு காந்தப்புலத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக் கடத்திவிடும். சாதாரணக் காந்தத்தின் பலம் அதிலேயே அடங்கிப்போகும். ஆனால் தகடு வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1980களில் வந்த நியோடைமியம் காந்தத்தில் பெரியதாக ஒன்றை வைத்தால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் தகடு நிறைந்து, மிச்சம் மறுபக்கம் கசியும். பெயின்ட் கீறாமல் துணி விரித்து, மெதுவாக இழுத்தால் உள்ளிருக்கும் நட்டும் கூடவே வரும். 1994இல் வந்த ஆடி ஏ8 போன்ற அலுமினிய உடல் கார்களில் இது இன்னும் சுலபம். அலுமினியம் புலத்தை மறிக்காது.

பித்தளை, பிளாஸ்டிக் கிளிப், பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள் காந்தத்துக்கு மசியாது. அவற்றுக்கு, போனில் இணைக்கும் பென்சில் பருமன் கேமராவும், வளைந்து கொடுக்கும் கவ்வியும் வேண்டும்.

‘கிடந்துவிட்டுப் போகட்டும்’ என்று மட்டும் விடாதீர்கள். உருளும் நட் பெயின்ட்டைச் சுரண்டும். வடிதுளையை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து அரிக்கும். தூண்களிலும் கூரையோரத்திலும் மஞ்சள் வயர் தென்பட்டால் கம்பியை நுழைக்கவே கூடாது. அது பெரும்பாலும் ஏர்பேக்கின் வயர். அடுத்த முறை கதவைப் பிரித்ததும், திருகில் கை வைக்கும் முன், கீழே தெரியும் ஓட்டைகளில் பழந்துணியைத் திணித்துவிடுங்கள்.