மண்டபத்துக்குள் ஒரு மீன்கண்

மாமல்லபுரத்து வராக மண்டபத்துக்குள் கேமராவோடு நிற்கிறவருக்கு முதல் சிக்கல், பின்னால் நகர இடம் இல்லாததுதான். பக்கச் சுவர்களில் எதிரெதிரே வராகரும் திரிவிக்கிரமரும். பின்சுவரில் கஜலட்சுமியும் துர்க்கையும். நாலையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமென்றால் 180 டிகிரி வாங்கும் மீன்கண் லென்ஸ்தான் கதி.

வழக்கமான அகலக்கோண லென்ஸ், நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். அதற்காக ஓரங்களை இழுத்து நீட்டும். கோணம் 180-ஐ நெருங்க நெருங்க அந்த நீட்டலுக்கு எல்லையே இருக்காது. மீன்கண் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடுகிறது. கோடுகள் வளையட்டும், எல்லாம் உள்ளே வந்தால் போதும் என்பது அதன் கணக்கு. படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு மட்டும் வளையாது.

பெயரே மீனின் பார்வையிலிருந்து வந்ததுதான். கொளவாய் ஏரி அலையில்லாமல் கிடக்கும்போது அடியிலிருந்து ஒரு மீன் மேலே பார்த்தால், வானம் முழுக்க சுமார் 97 டிகிரி அகலமுள்ள வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது முறிவதால் வருவது அது. அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் உட், 1906-இல் தண்ணீர் நிரப்பிய கேமராவால் இந்தக் காட்சியைப் படமாக்கினார். 1920-களில் ராபின் ஹில் என்பவர் மேகங்களைப் படமெடுக்க ஒரு வான லென்ஸ் செய்தார். 1970-களில் நிக்கான் விற்ற 6 மி.மீ. லென்ஸ் 220 டிகிரி பார்க்கும், எடை 5.2 கிலோ. எடுப்பவரே படத்தில் விழாமல் தப்புவது பெரும்பாடு!

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை அல்ல, தன் கேமராவின் சென்சாரை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 8 மி.மீ. லென்ஸ், கறுப்புக்கு நடுவே முழு வட்டப் படம் தரும். 15, 16 மி.மீ. லென்ஸ்கள் சட்டம் முழுவதையும் நிரப்பும், 180 டிகிரி மூலைக்கு மூலை கிடைக்கும். அதே 15 மி.மீ.யை அதைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் மாட்டினால் 110 டிகிரிதான் தேறும். வளைவு இருக்கும், வியப்பு இருக்காது. அந்தக் கேமராக்காரர்களுக்கு நிக்கானின் 10.5 மி.மீ., டோக்கினாவின் 10-17 மி.மீ. போன்றவைதான் பொருத்தம். நிக்கான் 10.5-க்குள் மோட்டார் கிடையாது என்பதால் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. இதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்பேன். கிராப் சென்சாருக்கான சம்யாங் 8 மி.மீ.யும் முழுக்கக் கையால் திருகுவதுதான். எஃப்/8 வைத்து ஃபோகஸை ஒரு மீட்டரில் நிறுத்தினால், அரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். வட்டப் படம் முதல் நாள் அசத்தும், பத்தாவது படத்தில் சலிக்கும். முதல் மீன்கண்ணாகச் சட்டத்தை நிரப்புவதையே வாங்கலாம்.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தில் இந்த லென்ஸின் குணம் முழுதாகத் தெரியும். பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வரும். விளைவு, நம் நிழல் நீளமாகப் படத்துக்குள் விழுந்து கிடக்கும். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினால் செருப்பும் சேர்ந்துகொள்ளும். ஏறத்தாழ 27 மீட்டர் நீளச் சிற்பத்தின் இரு முனைகளும் பின்னோக்கி வளைந்து, யானைகள் வயிறு பெருத்து முன்னே வரும். ஆனால் இரு பாறைகளுக்கும் நடுவே நாகர்கள் இருக்கும் பிளவைப் படத்தின் சரிபாதியில் நிறுத்துங்கள். அது நிமிர்ந்தே நிற்கும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளையும். வெண்ணெய் உருண்டைப் பாறையில் இந்தத் தொல்லையே இல்லை. ஏற்கெனவே உருண்டையாக இருப்பதை எந்த லென்ஸ் கெடுக்கும்?

கடற்கரைக் கோயிலில் தொடுவானத்தை நடுவில் வைக்காவிட்டால் கடல் வில்லாக வளையும். அங்கே இன்னொரு ஆபத்து உப்புக்காற்று. முன்கண்ணாடி புடைத்திருப்பதால் மேலே ஃபில்டர் மாட்ட முடியாது. பல லென்ஸ்களில் பின்பக்கம் ஜெலட்டின் துண்டு செருகும் இடம்தான் உண்டு, அது கண்ணாடியைக் காக்காது. மணல் ஒட்டியிருக்கும்போது துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு ஈரத்துணி. பழைய லென்ஸ் வாங்கும்போதும் அந்தப் புடைப்பை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். சூரியன் அடிக்கடி சட்டத்துக்குள் எட்டிப்பார்க்கும் லென்ஸ் என்பதால், சின்னக் கீறல்கூட ஒளிக்கறையாகப் படத்தில் தெரியும்.