பிளம்பர் பேரில் ஒளிஞ்சிருக்கும் ஈயம்

இங்கிலீஷில் 'பிளம்பர்' என்று எழுதும்போது நடுவில் ஒரு 'பி' வரும். பஸ்ஸுக்கு வருகிற அதே பி. ஆனா யாரும் அதை உச்சரிக்க மாட்டாங்க. 'பிளம்மர்'னுதான் சொல்லணும். நாம தமிழ்ல எழுதும்போது அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்து 'பிளம்பர்'னு முழுசா சொல்றோம். ஒரு விதத்தில் நாம சொல்றதுதான் வார்த்தையோட வேருக்குப் பக்கம்.

வேர் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்க முதல் வருஷ கெமிஸ்ட்ரிக்குப் போவோம். பீரியாடிக் டேபிளில் 82-வது தனிமம் லெட், அதாவது காரீயம். அதன் குறியீட்டில் 'எல்' கிடையாது. பேப்பருக்கு வரும் பி, அதுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு வரும் பி. காரணம், லத்தீனில் காரீயத்தின் பேர் 'பிளம்பம்'. அதை உருக்கி, வளைத்து, பற்றவைத்து வேலை செய்பவர் 'பிளம்பாரியஸ்'. அந்த வார்த்தை பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தபோது பி உதிர்ந்துபோச்சு. பிறகு லத்தீன் படிச்ச ஆட்கள் எழுத்தில் மட்டும் அதைத் திரும்பச் செருகினாங்க. 'டவுட்', 'டெட்' (கடன்) ஆகிய வார்த்தைகளில் சத்தமில்லாத பி வந்த கதையும் இதேதான்.

ஆக, பிளம்பர் என்றால் மூலப் பொருள் 'குழாய்க்காரர்' இல்லை, 'ஈயக்காரர்'. லண்டன் பிளம்பர்கள் சங்கத்துக்கு 1365-லேயே விதிமுறைகள் இருந்தன. 1611-ல் அரச சாசனமும் கிடைச்சது. அந்தக் காலத்து பிளம்பருக்குத் தண்ணீர்க் குழாய் ஒரு வேலை மட்டும்தான். தேவாலயக் கூரைக்கு ஈயத்தகடு அடிப்பது, மழைநீர் இறங்க ஈயக் கால்வாய் வைப்பது எல்லாமே அவர் பொறுப்பு.

அதே வேர், வேற வார்த்தைகள்

கொத்தனார் சுவர் நேரா நிக்குதான்னு பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுக்கு இங்கிலீஷில் 'பிளம்ப் பாப்'. முன்னே அது ஈயக் குண்டு. தண்ணிக்குள்ள பாயும் 'பிளஞ்ச்', தடுமாறாமல் நிற்கும் தன்மையைச் சொல்லும் 'அப்ளாம்' எல்லாம் இதே குடும்பம். சிவில் பசங்க சர்வே லேபில் தினமும் தொங்கவிடுவது ஒரு லத்தீன் வார்த்தையை!

தமிழோடயும் ஒரு அழகான ஒற்றுமை உண்டு. நாம ஈயத்தை இரண்டாப் பிரிக்கிறோம்: லெட் என்றால் காரீயம், டின் என்றால் வெள்ளீயம். ரோமானியர்களும் அப்படித்தான். லெட்டுக்கு 'கருப்பு பிளம்பம்', டின்னுக்கு 'வெள்ளை பிளம்பம்'. பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். தெரியாமல் காரீயத்தில் ரசம் வைத்தால் புளி அதைக் கரைத்து விஷமாக்கிவிடும். பேரில் முன்பகுதி மாறினா உடம்புக்குள் கதையே வேற.

ஏன் ஈயம்?

மெட்டீரியல்ஸ் செலக்‌ஷன் கேள்வியா எடுத்துக்கங்க. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். செம்புக்கு 1,085. காரீயத்துக்கு 327.5 போதும், விறகு அடுப்பிலேயே உருக்கிடலாம். கையால வளைக்கிற அளவுக்கு மென்மை. இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. வெள்ளி எடுக்கிற சுரங்கத்தில் பக்க விளைபொருளாவே நிறையக் கிடைக்கும்.

செய்முறையும் சிம்பிள். உருக்கின ஈயத்தைத் தட்டையான படுகையில் ஊற்றித் தகடாக்கி, ஒரு உருளையைச் சுற்றி மடக்கி, விளிம்பைப் பற்றவைப்பாங்க. அதனால ரோமானியக் குழாயின் குறுக்குவெட்டு சரியான வட்டமா இருக்காது, மேலே கூம்பின துளி மாதிரி இருக்கும். நிறையக் குழாய்களில் பேரரசர் பேர், வீட்டுக்காரர் பேர், சிலவற்றில் செய்த பிளம்பாரியஸ் பேரும் பொறிச்சிருக்கும்.

ரோமில் நடந்த தண்ணித் திருட்டு

கி.பி. 97-ல் ஃபிரான்டினஸ் என்பவர் ரோம் நகரத் தண்ணீர் அதிகாரியானார். தன் துறையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்னைக்கும் இருக்கு. ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக் குழாய் அளவை வைத்து முடிவு செய்தாங்க. அடிப்படை அளவு 'குவினாரியா', விட்டம் சுமார் 2.3 சென்டிமீட்டர்.

ஈயக் குழாய் மென்மையானது, கொஞ்சம் தட்டினாலே வாய் அகலமாகிடும். அதனால இணைப்பு ஆரம்பிக்கிற இடத்தில் முத்திரை குத்தின வெண்கல நாசிலை வைக்கணும்னு விதி. வெண்கலத்தை அவ்வளவு சுலபமா விரிக்க முடியாது. அதைத் தொடர்ந்து 50 அடி வரை குழாயும் அதே அளவில் இருக்கணும். நாசிலுக்குப் பின்னாடி உடனே பெரிய குழாய் மாட்டினா தண்ணி அதிகமா இழுக்கும் என்பது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நாம படிக்கிற விஷயத்தை அவங்க திருடன்கிட்ட இருந்து கத்துக்கிட்டாங்க! தெருவுக்கு அடியில் ரகசியமா குத்தின கிளை இணைப்புகளைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயத்தைப் பற்றியும் ஃபிரான்டினஸ் எழுதியிருக்கார்.

எச்சரிக்கை அப்பவே வந்தது

ஃபிரான்டினஸுக்கு நூறு வருஷத்துக்கும் முன்பே, விட்ருவியஸ் என்ற கட்டடப் பொறியாளர், ஈயக் குழாயைவிட மண்குழாய்த் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று எழுதிவிட்டார். அவர் காட்டிய ஆதாரம் ஈயத்தை உருக்கும் தொழிலாளிகளின் முகம். எல்லாரும் வெளிறிப்போய் இருக்காங்க, பாருங்க என்றார். முதலில் பாதிக்கப்பட்டது தண்ணி குடிச்சவங்க இல்லை, குழாய் செஞ்சவங்க.

ரோம் அழிஞ்சதே ஈயத்தால்தான் என்று ஒரு ஃபார்வர்ட் மெசேஜ் சுத்தும். அவ்வளவு நேரடியா சொல்ல முடியாது. ரோம் துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு, குழாய்த் தண்ணீரில் ஊற்றுத் தண்ணீரைவிட 100 மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்றது. ஆனா அது பெருந்தீங்கு செய்யும் அளவு இல்லை என்றும் சொன்னது. ரோமின் கடினநீர் குழாய்க்குள் சுண்ணாம்புப் படலம் கட்டும், அது ஈயத்தைக் கொஞ்சம் மூடிவைக்கும்.

அந்தப் படலம் எவ்வளவு முக்கியம்னு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் காட்டிச்சு. 2014 ஏப்ரலில் செலவு மிச்சம் பிடிக்க, குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தத் தண்ணியில் குளோரைடு அதிகம், அரிமானத்தைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவும் இல்லை. பழைய ஈயக் குழாய்களின் உள்படலம் கரைய, ஈயம் தண்ணிக்குள் வந்தது. குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் கூடியதை டாக்டர்கள் கண்டுபிடிச்ச பிறகு, 2015 அக்டோபரில்தான் பழைய நீராதாரத்துக்குத் திரும்பினாங்க. குழாயை யாரும் மாத்தலை, மாறினது தண்ணி மட்டும்தான். புது ஈயக் குழாய் பதிப்பதை அமெரிக்கா 1986-லேயே தடை பண்ணியிருந்தது. ஆனா பதிச்சது மண்ணுக்குள்ள அப்படியே இருந்தது.

நம்ம வீட்டுப் பைப்பில்?

நம்ம வீட்டில் இருப்பது பிளாஸ்டிக்தானே என்று நிம்மதியாக வேண்டாம். பி.வி.சி.யைச் சூடாக்கிக் குழாயாக இழுக்கும்போது அது சிதையாமல் இருக்க ஒரு ஸ்டெபிலைசர் சேர்ப்பாங்க. பல காலம் மலிவா கிடைத்த ஸ்டெபிலைசர் ஈய உப்புதான். இதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. மாற்றாக கால்சியம்-ஜிங்க், ஆர்கனோடின் வகைகள் இருக்கு. டின் என்றால் வெள்ளீயம். காரீயத்துக்குப் பதில் அதன் தம்பி!

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது, தண்ணி ஆவியாகி அடர்த்திதான் கூடும்.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. வீடு கட்டும்போது குடிநீர் லைனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 'லெட் ஃப்ரீ' என்ற குறிப்பும் உள்ள பைப் கேளுங்க. ராத்திரி முழுக்க குழாயில் நின்ற தண்ணியைக் காலையில் குடிக்காமல், கொஞ்ச நேரம் திறந்துவிட்டுச் செடிக்கு ஊத்துங்க. கீசர் தண்ணியைச் சமையலுக்கு எடுக்காதீங்க; சூட்டில் உலோகம் அதிகம் கரையும்.

வேலைக்கு வரும் பிளம்பர்கிட்டயும் எந்தப் பைப், ஏன் என்று கேட்டுப் பாருங்க. ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் படிச்சவரோ, அனுபவத்தில் கத்துக்கிட்டவரோ, தண்ணி எங்கே நிக்கும், எங்கே கசியும் என்று நம்மைவிட அவருக்கு நல்லாத் தெரியும். அப்படியே அவர் பேரையும் கேட்டு போனில் சேமிச்சுக்கங்க. 2,000 வருஷத்துக்கு முன்னாடி குழாயிலேயே பிளம்பர் பேர் இருந்தது. நம்ம போனில் இன்னும் 'பிளம்பர் 1', 'பிளம்பர் 2'ன்னுதான் இருக்கு.